கம்பெனிக்கு லீவு இல்லாத கோடை

ஏப்ரல் கடைசியில் திருப்பூரில் மூடுவது பள்ளிக்கூடம் மட்டும்தான். கம்பெனிகளுக்குத் தெரிந்ததெல்லாம் தீபாவளி லீவும் பொங்கல் லீவும். கோடை விடுமுறை என்று ஒன்று இருப்பதாகவே அவை காட்டிக்கொள்வதில்லை. அதிலும் மே மாதம் எங்களுக்கு வேலை கழுத்தை நெரிக்கும். வெளிநாட்டில் குளிர்காலத்துக்குக் கடையில் தொங்க வேண்டிய உடுப்பெல்லாம் இங்கே வெயில் காலத்திலேயே ஓட ஆரம்பித்துவிட வேண்டும். நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளியே தார் ரோடு உருகிக்கொண்டிருக்கும். என் மேஜை மேல் பனிமனிதன் படம் போட்ட கைக்குழந்தை உடுப்பு கிடக்கும், முழுக்கை, உள்பக்கம் ஃப்ளீஸ். பிரிண்ட் சரியில்லை என்று கழித்த சாம்பிள் ஒன்றை ஒருநாள் வீட்டுக்கு எடுத்துவந்தேன். சின்னவள் அதை ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏம்மா, இந்தத் தாத்தாவுக்குக் கால் எங்க?"

"அவரு ஐஸ்ல செஞ்ச தாத்தா கண்ணு. கால் கிடையாது."

"அப்போ இங்க வந்தா உருகிருவாரா?"

"வந்த அன்னைக்கே."

அன்றைக்கு ராத்திரியே அந்த உடுப்பு ஃபிரிட்ஜுக்குள் போய்விட்டது. தயிர்ச்சட்டிக்குப் பக்கத்தில் மடித்து வைத்திருக்கிறாள். எடுத்தால் அழுகை.

வீட்டுக்காரர் நிட்டிங்கில் வேலை செய்கிறார். வட்ட மெஷின்கள் ராத்திரி பகல் நிற்காமல் ஓடுகிற இடம். நைட் ஷிப்ட் வந்தால் ராத்திரி எட்டு மணிக்குப் போய், காலை எட்டு மணிக்கு வந்து படுப்பார். நான் எட்டரைக்குக் கிளம்பியாக வேண்டும். நடுவில் இருக்கிற அரை மணி நேரத்தில் ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டால் உண்டு. பள்ளிக்கூடம் இருக்கிற மாதங்களில் இந்தக் கணக்கு எப்படியோ ஓடிவிடும். மே மாதத்தில் பிள்ளைகளை எங்கே விடுவது என்பதுதான் இந்த ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் பெரிய கேள்வி.

சின்னவளுக்கு அஞ்சு வயசு. அவளுக்குச் சட்டம் துணைக்கு இருக்கிறது. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்கிற தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வைத்தே ஆக வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டமே சொல்லியிருந்தது. எங்கள் கம்பெனியிலும் ஒன்று இருக்கிறது. தொட்டில், பொம்மை, பார்த்துக்கொள்ள ஒரு அக்கா. பெரியவனுக்கு எட்டு வயசு. அவன் கேட்டைத் தாண்ட முடியாது. வெளிநாட்டு பையர்கள் ஆடிட்டுக்கு ஆள் அனுப்புவார்கள். தையல் ஹாலில் ஒரு சின்னப் பிள்ளையின் தலை தெரிந்தால் போதும், ஆர்டரே போய்விடும். இந்த விதியில் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஒரு காலத்தில் இந்த ஊரில் பத்துப் பன்னிரண்டு வயசுப் பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போகாமல் டெய்லருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கைமடித்துக் கொடுத்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. கேட் மூடியதால்தான் அது குறைந்தது. ஆனால் கேட்டுக்கு வெளியே நிற்கிற எட்டு வயசுக்காரனுக்கு இடம் எது என்பதைச் சட்டமும் சொல்லவில்லை, கம்பெனியும் சொல்லவில்லை.

எங்கள் லைன் வீட்டில் அந்த இடம் தேனிக்காரப் பாட்டியின் திண்ணை. பாட்டி தன் பேரனைப் பார்த்துக்கொள்ள வந்தவர். இப்போது காம்பவுண்டில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளையும் அவர்தான் மேய்க்கிறார். பக்கத்து வீடு பீகார்க்காரர்கள். அவர்களுடைய பையன் "ஏனுங்க பாட்டி, வெளையாடப் போலாமுங்களா?" என்று கேட்கிற மரியாதையில் ஒரு பங்குகூட என் பிள்ளைகளுக்கு வராது. பதிலுக்கு என் மகன் கண்ணாமூச்சி ஆடும்போது இந்தியில் எண்ணுகிறான். இருபது வரைக்கும் தடங்கல் இல்லாமல் போகிறது.

இந்தப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களில் பாதி கம்பெனிக் கழிவு. நூல் சுற்றி வருகிற கோன் தீர்ந்துபோனால் அந்த அட்டைக் கூம்பு வீட்டுக்கு வந்துவிடும். அதை வாயில் வைத்தால் மைக், கண்ணில் வைத்தால் தொலைநோக்கி, தலைகீழாக அடுக்கினால் கோபுரம். ரெண்டு கோனுக்கு நடுவில் நூலைக் கட்டி ஆளுக்கொரு மூலையில் நின்று போன் பேசுவார்கள். அதைவிட முக்கியமானது கட்டிங் வேஸ்ட். சிங்கிள் ஜெர்ஸி துணியை ஒரு விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டிக்கொண்டு, ரெண்டு முனையையும் பிடித்து ஒரு இழு இழுத்துப் பாருங்கள். ஓரங்கள் தாமாகவே உள்பக்கம் சுருண்டு துணி கயிறாகிவிடும். பின்னல் துணிக்கு மட்டும் உள்ள குணம் அது. தறித் துணி இப்படிச் சுருளாது. அந்தக் கயிற்றை ஒரு சின்ன ரப்பர் பந்தின் மேல் இறுக்கிச் சுற்றிக்கொண்டே வந்து, கடைசி முனையை உள்ளே குத்திவிட்டால் பனியன் பந்து தயார். மேலே பட்டால் வலிக்காது, ஜன்னல் உடையாது, சந்துக்குள் எவ்வளவு அடித்தாலும் பக்கத்து வீட்டுச் சண்டை வராது. ஒரு தொல்லை, சாக்கடையில் விழுந்தால் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். அதை வெயிலில் காயப்போட்டு மறுபடி ஆடுவார்கள். நாற்றத்தைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை.

எங்கள் கோடைக்கு மிச்சம் இருப்பது ஞாயிற்றுக்கிழமைகள். சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றல். சித்திரையில் முதலில் வருவது அவிநாசித் தேர். திருப்பூரிலிருந்து அரை மணி நேரம். அவிநாசிலிங்கேசுவரர் கோயிலின் பெரிய தேர் ஒரே நாளில் நிலைக்கு வந்துசேருகிற தேர் அல்ல. பாதி வழியில் நிறுத்தி, மறுநாள் மறுபடி வடம் பிடிப்பார்கள். பெரியவன் சாமியைப் பார்க்கவே இல்லை. அவன் பார்த்ததெல்லாம் சக்கரத்துக்கு அடியில் சன்னக்கட்டை போடுகிறவர்களைத்தான். அவ்வளவு பெரிய தேர் உருண்டு வரும்போது அவர்கள் குனிந்து சக்கரத்துக்குக் கட்டையைக் கொடுக்கிறார்கள். தேர் அதில் ஏறித் திரும்புகிறது, இல்லையென்றால் நிற்கிறது. "பெரிசானா நான் இந்த வேலைக்குத்தான் போவேன்" என்றான். போன மாதம் வரைக்கும் ஜேசிபி ஓட்டுவதாக இருந்தான்.

அவிநாசிக்குப் போனால் முதலைக் கதை சொல்லாமல் திரும்ப முடியாது. குளத்தில் குளிக்கப் போன ரெண்டு பையன்களில் ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. சில வருஷம் கழித்து சுந்தரர் அந்தத் தெரு வழியே வருகிறார். தப்பித்த பையனின் வீட்டில் பூணூல் கல்யாணம் நடக்கிறது, எதிர்வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கிறது. விவரம் கேட்டுத் தெரிந்துகொண்டு குளக்கரையில் நின்று பாடுகிறார். முதலை அந்தப் பையனைக் கரையில் உமிழ்ந்துவிட்டுப் போகிறது. அதுவும் விழுங்கிய வயசில் இல்லை, இத்தனை வருஷ வளர்த்தியோடு. கோயிலில் சிற்பமாகவும் இதைப் பார்க்கலாம்.

"உள்ள அவன் என்ன சாப்பிட்டான்?" என்றாள் சின்னவள்.

"சாமி பாத்துக்கிட்டாரு கண்ணு."

"சட்டை பத்தாமப் போயிருக்குமே?"

பனியன் ஊர்ப் பிள்ளை வேறு எதைக் கேட்கும்? நிஜ முதலையைக் காட்டாவிட்டால் இந்த விசாரணை ஓயாது என்று தெரிந்துவிட்டது. அடுத்த ஞாயிறு அமராவதி அணைக்குக் கிளம்பினோம்.

உடுமலை பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு ரெண்டு பேருக்கும் சண்டை. பல்லடம் தாண்டியதும் காத்தாடிகள் தெரிய ஆரம்பித்ததால் சண்டை தானாக நின்றது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கேயிருந்து காற்று நுழைவதால்தான் பல்லடத்திலிருந்து உடுமலை வரைக்கும் காடு முழுக்கக் காற்றாலை நட்டிருக்கிறார்கள். மே கடைசியில் அந்தக் காற்று பிடித்துவிட்டால் அவ்வளவு றெக்கையும் சுற்றும். நாங்கள் போனபோது பாதி சுற்றியது, பாதி சும்மா நின்றது. நிற்கிறதெல்லாம் லீவு என்று பெரியவன் தீர்மானித்துவிட்டான். உடுமலையில் இறங்கி அமராவதிநகர் டவுன் பஸ். 2021-இலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு இல்லை. எனக்கும் மகளுக்கும் ஓசி, வீட்டுக்காரருக்கு முழு டிக்கெட், பெரியவனுக்கு அரை. "நானும் பொம்பளப் புள்ளையாப் பொறந்திருக்கலாம்" என்று அவன் சொன்னதில் பஸ்ஸே சிரித்தது.

அமராவதி முதலைப் பண்ணை 1976-இல் தொடங்கியது, வனத்துறையுடையது. அணையின் நீர்ப்பிடிப்பில் இயற்கையாகவே சதுப்பு முதலைகள் உண்டு. அங்கிருந்து முட்டைகளை எடுத்துவந்து பொரிக்கவைத்துத்தான் பண்ணையை ஆரம்பித்தார்கள். வயசுக்கும் அளவுக்கும் தக்கபடி தனித்தனித் தொட்டிகளில் விட்டிருக்கிறார்கள். சின்னக் குட்டிகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறிக் கிடக்கும். பெரியவை அசையவே அசையாது. முதல் பார்வைக்குச் சிமென்ட் பொம்மை என்றுதான் நினைப்போம். ஒன்று மட்டும் கரையில் வாயைப் பெரிதாகத் திறந்தபடி கிடந்தது. முதலைக்கு வியர்க்காது, உடம்புச் சூடு தணிவதற்காகத்தான் அப்படி வாயைத் திறந்து வைத்துக்கொள்ளும். அதை அவரும் நானும் மாறி மாறி விளக்கினோம். சின்னவள் கேட்கிற நிலையில் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த வாயையே பார்த்து நின்றாள். கூட்டம் வந்து போனது. வெயில் ஏறியது. கூப்பிட்டால் வரவில்லை.

"என்ன சாமி பாக்குற?"

"வாயைத் தொறந்துதான் வெச்சிருக்கு. பையன் இன்னும் வரல."

அவளை அங்கிருந்து கிளப்ப அணையடியில் விற்ற பொரித்த மீன் உதவியது. திருமூர்த்தி மலைக்கும் அன்றைக்கே போய்விடலாம் என்று அவருக்கு ஆசை. அங்கே இருக்கிற பஞ்சலிங்க அருவிக்குக் கோடையில் ஏறிப் போனால் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்பது மழையைப் பொறுத்தது. ரெண்டு பிள்ளைகளோடு ஒரே நாளில் ரெண்டு இடம் வேண்டாம் என்பது என் கட்சி. என் கட்சி ஜெயித்தது.

மே மாதத்தில் ஒரு வாரம் பிள்ளைகள் காங்கேயத்துப் பக்கம் அப்புச்சி (என் அப்பா) தோட்டத்தில். இங்கேதான் எனக்கு உண்மையான நிம்மதி. திருப்பூரிலிருந்து ஒரு மணி நேரம் கூட இல்லை, ஆனால் உலகமே வேறு. தோட்டத்தை ஒட்டிக் கொறங்காடு, மாடு மேய்கிற காடு. கிளுவையை நெருக்கமாக நட்டு உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே நிழலுக்கும் காய்க்கும் வெள்வேல மரம். உழவு கிடையாது, தண்ணீர் பாய்ச்சல் கிடையாது. காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டில் மேய்ந்து முடித்ததும் மாட்டை அடுத்த துண்டுக்கு மாற்றுவார்கள். மழை குறைந்த இந்தச் சீமையில் காங்கேயம் மாடு இத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்குப் பெரிய காரணம் இந்த ஏற்பாடு. பிள்ளைகளுக்கு அதெல்லாம் தெரியாது. கிளுவை வேலியில் ஓணான் இருக்கும் என்பது மட்டும் தெரியும்.

கட்டுத்தறியில் புதுசாக ஒரு கன்று. செங்காவி நிறம். தாயோ நல்ல வெள்ளை மயிலை. அப்புச்சியிடம் பெரியவன் கேட்டான், அம்மா வெள்ளை, குட்டி ஏன் சிவப்பு என்று. காங்கேயம் கன்று எல்லாமே பிறக்கும்போது இப்படித்தான் இருக்கும், ஆறு மாசம் போனால் வெளுத்துவிடும் என்றார் அப்புச்சி. இவன் கொஞ்ச நேரம் யோசித்தான்.

"சாயம் நிக்கல போல."

அப்புச்சி அதைச் சந்தைக்குப் போய் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

காலையில் கம்மங்கூழ், மத்தியானம் அரிசிம்பருப்புச் சாதத்தில் ஊத்துக்குளி வெண்ணெய் உருக்கிய நெய், சாயந்திரம் நொங்கு. மரமேறி வருகிற நாளில் தெளுவு, அதாவது பதநீர். ஒரு நாள் சிவன்மலைக்கு அழைத்துப் போனார்கள். அந்த முருகன் கோயிலில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்று ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. பக்தர் யாருடைய கனவிலாவது முருகன் வந்து ஒரு பொருளைச் சொல்வார். அவர் கோயிலில் வந்து சொன்னதும், சாமியிடம் பூக்கேட்டு, உத்தரவு கிடைத்தால் அந்தப் பொருளைப் பெட்டியில் வைப்பார்கள். அடுத்தவர் கனவு வரைக்கும் அதுதான் இருக்கும். பெட்டியில் வைத்த பொருள் சம்பந்தமாக நாட்டில் ஏதோ நடக்கும் என்பது நம்பிக்கை. தண்ணீர் வைத்த பிறகுதான் சுனாமி வந்தது என்று இன்றைக்கும் பேசுவார்கள். நம்புகிறவர்கள் நம்பட்டும். எங்கள் வீட்டில் அது ஒரு விளையாட்டாகிவிட்டது. தினமும் காலையில் ரெண்டும் எழுந்து என்ன கனவு கண்டோம் என்று அம்மாயியிடம் (என் அம்மாவிடம்) ஒப்பிக்கும். சின்னவள் கனவில் முருகன் வந்து ஐஸ்கிரீம் வைக்கச் சொன்னாராம்.

கிணற்றில் நீச்சல் பழக்கம். முதுகில் காலி எண்ணெய் கேனைக் கட்டி, இடுப்பில் கயிறு கட்டி, மாமா படியில் நின்று பிடித்துக்கொள்ள, பெரியவன் கையைக் காலை அடித்தான். கிணறு சரி. பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்கால் கூடாது என்பதில் அப்புச்சி கண்டிப்பு. தண்ணீர் விட்டிருக்கும்போது பார்த்தால் ஆழம் தெரியாது, இழுப்பும் தெரியாது. ரெண்டு பக்கமும் சிமென்ட் சரிவு, பாசி பிடித்துக் கிடக்கும். இறங்கிவிட்டால் பிடித்து ஏற ஒன்றும் இருக்காது. பெரியவர்களே போயிருக்கிறார்கள். உங்கள் பிள்ளைகள் அந்தப் பக்கம் விருந்தாடிப் போனால் இதை மட்டும் போனிலாவது சொல்லிவிடுங்கள்.

திரும்பி வந்த ஞாயிறு வளர்மதி பாலத்தின் மேல் பஸ் நின்றபோது, "இந்த ஆத்துல நீச்சல் அடிக்கலாமா?" என்று கேட்டான் பெரியவன். கீழே நொய்யல். என் மாமியார் கல்யாணமாகி வந்த புதுசில் அதில் இறங்கித் துணி துவைத்தவர். பிறகு சாயப்பட்டறைகள் பெருகி ஆறே கலர் கலராக ஓடியது. பாசனத்துக்கென்று 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணீர்த் தொட்டியாகிப் போய், சுற்றியுள்ள கிணறும் காடும் கெட்டுப்போயின. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியே விடாத ஏற்பாடு செய்கிறவரைக்கும் பட்டறைகளை மூடச் சொன்னது. ஊரே சில மாதம் ஸ்தம்பித்தது. இன்றைக்குச் சாயத்தண்ணீரைச் சுத்திகரித்து மறுபடி பட்டறைக்கே அனுப்புகிறார்கள். ஆனாலும் ஊர்ச் சாக்கடை ஓடுகிற ஆற்றில் யாரும் பிள்ளையை இறக்க மாட்டார்கள்.

"அப்போ நம்ம பனியன்தான் ஆத்தைக் கெடுத்துச்சா?"

"ஆமா" என்றார் வீட்டுக்காரர். சுற்றி வளைத்துப் பேசவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

ஆறுதலுக்கு ஒரு இடம் உண்டு. ஊத்துக்குளி ரோட்டுப் பக்கம் நஞ்சராயன் குளம். 2022-இல் பறவைகள் சரணாலயம் ஆனது, 2024 ஆகஸ்டில் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. இமயமலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிற பட்டைத்தலை வாத்துகளை மே மாதத்தில் தேடாதீர்கள். அவை குளிர்கால விருந்தாளிகள். ஆனால் நாரையும் நீர்க்காகமும் தாழைக்கோழியும் எப்போதும் இருக்கும். நாங்கள் விடிகாலையில் போனோம். கையில் ரெண்டு நூல் கோன். அட்டைத் தொலைநோக்கியில் என்ன தெரிந்ததோ, "கூழைக்கடா! கூழைக்கடா!" என்று பிள்ளைகள் கத்தியதில் இருந்த ரெண்டு கூழைக்கடாவும் பறந்துவிட்டன.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. தேனிக்காரப் பாட்டி மகன் குடும்பத்தோடு ஊருக்கே திரும்பப் போவதாகச் சொல்கிறார். அடுத்த மே மாதம் திண்ணை இருக்கும், பாட்டி இருக்க மாட்டார். போதாததற்குச் சின்னவளுக்கு அப்போது ஆறு முடிந்திருக்கும். காப்பகத்திலும் இடம் கிடையாது. எங்கள் லைன் வீட்டிலேயே இதே நிலையில் நாலைந்து குடும்பம் இருக்கிறது. வீட்டைப் பூட்டி, பிள்ளையை உள்ளே விட்டு, மத்தியானம் போன் போட்டு "சாப்பிட்டியா?" என்று கேட்கிற அம்மாக்கள் எங்கள் செக்கிங் ஹாலில் இருக்கிறார்கள்.

அதனால் கம்பெனி நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் உடுப்புத் தைக்கிற ஊர் இது. காப்பகம் ஏற்கெனவே இருக்கிறது, ஆட்களை ஏற்றிவர வேனும் இருக்கிறது. தையல் ஹாலுக்குச் சம்பந்தமே இல்லாமல், தனி வாசலோடு, மே மாதம் மட்டும் ஆறிலிருந்து பன்னிரண்டு வயசுப் பிள்ளைகளுக்கு ஒரு அறை ஒதுக்குங்கள். பக்கத்துப் பக்கத்துக் கம்பெனிகள் நாலு சேர்ந்து ஒன்று நடத்தினால்கூடப் போதும். ஒரு டீச்சர், ஒரு ஃபேன், குடிக்க நல்ல தண்ணீர். விளையாட்டுச் சாமானுக்குச் செலவே இல்லை, கோனும் கட்டிங் வேஸ்ட்டும் நாங்களே கொண்டுவருகிறோம்.